ஏரிக்கரை வீடுகள்

டப்ளின்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்யச் சொல்லுங்கள். எனக்கு இந்த மாதம் முழுக்க நைட் டியூட்டி.

ஒரு படத்தைப் பற்றி உங்களுக்கு எழுதியே ஆக வேண்டும். இங்கே ஹ்யூ லேன் ஓவியக் காட்சியகத்தில் பார்த்தது. பால் ஹென்றி என்பவர் 1930-ஐ ஒட்டி வரைந்த ஏரிக்கரைக் குடிசைகள். கூரை வேய்ந்த வெள்ளை வீடுகள், ஏரி, பின்னால் நீல மலை. ஆனால் படத்தை ஆள்வது மேகம்தான். "ஆகாயத்தைக் கடைசியில் ஒப்புக்கு அடிக்காதே, வெளிச்சமே அங்கிருந்துதான் வருது" என்று டிராயிங் வகுப்பில் பையன்களைத் திட்டுவீர்களே, அது இந்தப் படத்தின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

இவர் பெல்ஃபாஸ்ட்காரர். 1910-இல் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆக்கில் தீவைச் சுற்றிப் பார்க்கப் போனவர், 1919 வரை அங்கேயே தங்கிவிட்டார். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண் அவருக்கு. அப்படிப்பட்டவர் நீலத்திலும் பழுப்பிலும் எத்தனை சாயல் பார்த்திருக்கிறார்!

கூட வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி மேற்கே கன்னிமாராவைச் சேர்ந்தவள். ஆமாம், எழும்பூர் நூலகத்தின் பெயர்தான். மதராஸ் கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பட்டம் இந்த ஊரை வைத்து வந்தது. அவள் வீட்டுக்குப் போனபோது அதே மேகங்களை நேரில் பார்த்தேன். சதுப்பு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, நம் வரட்டி போலக் காயவைத்து அடுக்கி, அடுப்பெரிக்கிறார்கள். அந்தப் புகை வாசம் என் கோட்டில் இன்னும் போகவில்லை.

அந்தப் படத்தில் ஆளே கிடையாது. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து வந்த பஞ்சத்தில் இந்த நாட்டில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், கிட்டத்தட்ட அதே அளவு பேர் கப்பலேறினார்கள். மேற்குப் பக்கம்தான் அடி பலம். அந்த நர்ஸுடைய பாட்டியின் அண்ணன் தம்பிகள் எல்லோரும் பாஸ்டனுக்குப் போனவர்கள், ஒருவரும் திரும்பவில்லையாம். அதே மண்ணைப் பால் ஹென்றி வரைய, 1920-களில் ஒரு ரயில் கம்பெனி அதைப் போஸ்டராகப் போட்டு ஊர் பார்க்க ஆட்களை அழைத்தது. இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தப் படத்தை வெறும் அழகான படம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிரின்ட் ஒன்று வாங்கி, ஊருக்கு வரும் சிநேகிதியிடம் கொடுத்திருக்கிறேன். ஏரித் தண்ணீரை எப்படித் தீட்டியிருக்கிறார் என்று பார்த்து எழுதுங்கள், எனக்குப் பிடிபடவில்லை. ஃபிரேம் போட அவசரம் வேண்டாம், நான் வந்து போட்டுக்கொள்ளலாம். அம்மாவின் மாத்திரைக்குப் பணம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அன்பு மகள்,
செல்வி