ஓட்டாஞ்சில்லும் ஒரு குடும்பமும்

அன்புள்ள மகளுக்கு,

"என் கையில் வருவதெல்லாம் வேறு யாரோ செய்ததாகவே இருக்கும்மா" என்று சொல்லி, நீ வனைந்த மூன்று கிண்ணங்களையும் உடைத்துவிடப்போவதாகப் போனில் வருத்தப்பட்டாயே, அது மனதிலேயே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இங்கே ஃபீனிக்ஸில் ஹெர்ட் மியூசியத்துக்குப் போனேன். அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹோப்பி மக்களின் பானைகளைப் பார்த்ததும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

பானை வனைந்த நம்பேயோ என்ற பெண்மணியின் பெயரை நீ கேள்விப்பட்டிருப்பாய். வடக்கு அரிசோனாவில் ஃபர்ஸ்ட் மேசா குன்றின்மேல் ஹானோ என்ற ஊர்க்காரர். அப்பா வழிப் பாட்டியிடம் தொழில் கற்றவர். பக்கத்தில் சிக்யாட்கி என்ற ஊர், பல நூறு வருஷமாக ஆளில்லாமல் கிடந்தது. 1895-இல் ஃப்யூக்ஸ் என்ற ஆய்வாளர் அங்கே தோண்டியபோது நம்பேயோ தன் கணவர் லெசோவோடு போய், வெளிவந்த பானைகளின் சித்திரங்களைக் காகிதத்தில் வரைந்துகொண்டார். அந்த மண்ணில் கிடந்த ஓட்டாஞ்சில்லுகள் அவருக்கு அதற்கு முன்பே பழக்கம்தான். நீ சொல்கிற கணக்குப்படி அவரும் நகலெடுத்தவர். ஆனால் அவர் பானை முன்னால் போய் நின்று பார். தட்டையான அகன்ற தோள், அதில் வளைந்து போகும் ஒரு பறவைச் சிறகு, சுற்றிலும் துணிந்து விட்ட வெற்றிடம். அந்தத் துணிச்சல் அவருடையது.

சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறாகத் திரித்து, முறுக்கு சுற்றுவது போல அடுக்கி எழுப்ப வேண்டும். காய்ந்ததும் வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். யுக்கா என்ற செடியின் இலை நுனியை மென்று நாராக்கினால் தூரிகை. கறுப்புக்குக் காட்டுச் செடியைக் கொதிக்கவைத்துச் சுண்டிய சாறு. அப்புறம் திறந்தவெளியில் ஆட்டுச் சாணத்தை மூட்டிச் சுடுவார்கள். நெருப்பு பட்ட விதத்தைப் பொறுத்து ஒரே பானையில் வெண்மஞ்சளும் ஆரஞ்சும் படரும். அதை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம்பேயோவுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்த காலத்தில் கையால் தடவித் தடவியே வனைந்தார். சித்திரத்தை வீட்டார் தீட்டினார்கள், பிற்காலத்தில் மகள் ஃபேனி. எந்தக் கோடு யாருடையது என்று வல்லுநர்களே தடுமாறுகிறார்கள். அந்த வீட்டில் யாரும் அதற்காகக் குறைந்துபோய்விடவில்லை. 1942-இல் அம்மா போன பிறகும் ஃபேனி நெருக்கமான மெல்லிய கோடுகளை வரைந்துகொண்டேயிருந்தார். மூத்த மகள் ஆனியின் வழியில் வந்த கொள்ளுப்பேத்தி டெக்ஸ்ட்ரா என்ன செய்தார் தெரியுமா? ஒரு ஜாடி முழுக்க உடைந்த ஓட்டாஞ்சில்லுகளையே சித்திரமாக வரைந்தார்! கொள்ளுப்பாட்டி குனிந்து பார்த்த அதே சில்லு, இவர் கையில் வேறொன்றாகிவிட்டது.

அதனால் அந்த மூன்று கிண்ணங்களை உடைக்காதே. எனக்கு அனுப்பு.

டிசம்பரில் வரும்போது ஃபர்ஸ்ட் மேசாவுக்குப் போகலாம். அப்பா காரோட்டச் சம்மதித்துவிட்டார். ஊருக்குள் படம் எடுக்கக் கூடாது, கேமராவை வைத்துவிட்டு வா.

அன்புடன்,
அம்மா