கயலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயலுக்கு,

எல்லோரும் சுகம். நீ தம்பிக்கு அனுப்பிய விண்ணப்பத்தை அவன் பிரிண்ட் எடுத்து மேசைமேல் வைத்திருந்தான். கண்ணில் பட்டது, படித்தேன். இத்தனை வருட வேலையை அரைப் பக்கத்தில் அடக்கியிருக்கிறாய். எல்லோராலும் முடியாது.

கடைசி வரியை மட்டும் மாற்று. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று இருக்கிறது. ஹியரிங் என்று வர வேண்டும். 'ஐ வான்ட் டு கோ' என்று எழுதிப் பழகிய கை, 'டு'வைப் பார்த்ததும் 'ஹியர்' என்று போட்டுவிடும். இந்த 'டு' வேறு. 'இன்', 'ஆஃப்' போல, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ப்ரெப்பொசிஷன். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பார். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' பொருந்துகிறது, அதனால் வினைச்சொல்லுக்கு 'இங்' வேண்டும். 'ஐ வான்ட் டு யுவர் ரிப்ளை' என்றால் நிற்காது. 'ஐ ஆம் லுக்கிங்' என்று போடாமல் 'ஐ லுக்' என்று போட்டாயே, அது சரி. ஆபீஸ் கடிதத்துக்கு அதுதான் எடுப்பு.

'டியர் சார் ஆர் மேடம்' என்று தொடங்கினால் முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'. பெயர் போட்டு எழுதினால்தான் 'சின்சியர்லி'. பிரிட்டிஷ் வழக்கம், நம் ஆபீஸ்களிலும் அதுவே. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் 96 வாங்கியவளுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. அவசரத்தில் எழுதியிருப்பாய். ஹியரிங், மறக்காதே.

நடுவில் 'அவெய்லபிள் டு ஜாயின் இமீடியட்லி' என்று ஒரு வரி. அதில் பிழை இல்லை. அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். அம்மா உனக்கென்று எடுத்து வைத்த கரும்பைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். தம்பியிடம் சொல்ல முடிந்ததை என்னிடம் சொல்லக் கூடாதா? கேட்டால் வருத்தப்படுவாய் என்றுதான் போனில் கேட்கவில்லை.

நீ வேலை பார்த்த இடத்தில் உன்னைப் போல எழுதுகிறவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? விட்டவர்களுக்குத்தான் நஷ்டம். அடுத்த விண்ணப்பத்தை எனக்கே நேராக அனுப்பு. ராத்திரி எந்நேரமானாலும் பார்த்துத் தருகிறேன். 'ஹியரிங்' இருக்கிறதா என்று முதலில் நீயே பார்த்துக்கொள்.

இந்த மாத வாடகைக்கு உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். திருப்பி அனுப்பாதே. அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீயே பேசிச் சொல்.

அன்புடன்,
அப்பா