அண்ணா, புத்தகத்தை நானே கொண்டுவருகிறேன்

அன்புள்ள அண்ணா,

இடைக்கால ஐரோப்பாவின் அறிவியலைப் பற்றி நாம் சேர்ந்து தொடங்கிய புத்தகத்தை நான் மட்டும் முடித்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். ஏன் இவ்வளவு தாமதம் என்பது உங்களுக்குத் தெரியும். பணப் பேச்சை இங்கே எடுக்க மாட்டேன். நம் இருவரையும் தெரிந்தவர்கள் படிக்கிற இடம் இது.

எழுத உட்கார்ந்தாலே அந்த மொட்டைமாடிதான் முன்னால் வந்து நிற்கிறது. சந்திர கிரகணம். பிள்ளைகள் பாயில் படுத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலாவின் மேல் வளைந்து விழுந்த நிழலைக் காட்டி, "கொலம்பஸ் கப்பல் ஏறும்வரை ஐரோப்பாவில் பூமி தட்டை என்றுதான் நம்பினார்கள்" என்றீர்கள். நான் சும்மா இருக்கவில்லை. சாக்ரோபோஸ்கோ என்ற அறிஞர் 1230 வாக்கில் எழுதிய வானியல் பாடநூலைச் சொன்னேன். நமக்கு முன்னிரவில் தெரியும் கிரகணம் கிழக்கே இருப்பவர்களுக்கு, அதே கணத்தில், அவர்கள் இரவு இன்னும் ஏறிய நேரத்தில் தெரியும், ஏனென்றால் பூமி உருண்டை என்று அதில் இருக்கிறது. கரையில் உள்ள அடையாளம் பாய்மர உச்சியில் இருப்பவனுக்குத் தெரியும், அடியில் நிற்பவனுக்குத் தெரியாது என்பதும் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டு மாணவர்கள் படித்த நூல் அது.

நீங்கள் ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கிப் போனீர்கள். கிரகணம் விட்டு அண்ணி இலை போட்டபோதும் வரவில்லை.

அத்தனை பேர் முன்னால் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள், அண்ணா. ஆனால் அந்தப் பிள்ளைகள் நீங்கள் சொன்னதையே காலத்துக்கும் நம்பியிருப்பார்கள். உங்கள் வாய்ச்சொல்லுக்கு அந்த மதிப்பு உண்டு. மறுநாள் லாக்டான்டியுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளரின் வரிகளை அனுப்பினீர்கள். சரி, அவர் உருண்டைப் பூமியைக் கேலி செய்தவர்தான். ஆனால் அவர் 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். அவர் ஒருவரை வைத்து ஆயிரம் வருடத்துக்குத் தீர்ப்பு எழுதுவதா?

நிக்கோல் ஓரெம் என்ற 14-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அறிஞரை எனக்குக் காட்டியதே நீங்கள். அந்த மாலை உங்கள் குரலில் இருந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை. அரசர் ஐந்தாம் சார்லஸ் கேட்டதால் அரிஸ்டாட்டிலின் வானநூலைப் பிரெஞ்சில் பெயர்த்து, அதற்கு எழுதிய உரையை 1377-இல் முடித்தவர். தினமும் சுழல்வது வானமா பூமியா என்பதை அனுபவத்தால் தீர்மானிக்க முடியாது என்று காட்டினார். நேராக மேலே எய்த அம்பும் பூமியோடும் காற்றோடும் சேர்ந்தே நகரும், அதனால் எய்த இடத்திலேயே விழும் என்றார். கடைசியில் பைபிளின் சங்கீதப் புத்தகத்து வரியைச் சொல்லி, பூமி அசையாது என்று முடித்தார். அந்த முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு "சரணடைந்துவிட்டான்" என்று கைப்பிரதியில் எழுதிவைத்தீர்களே, எனக்கு ஆறவில்லை. முடிவு வரைக்கும் அவர் நடந்த வழி ஒன்றுமே இல்லையா? பாரிஸ் பிஷப் தாம்பியே 1277-இல் 219 தத்துவக் கருத்துகளைக் கற்பிக்கக் கூடாது என்று தடை செய்தார். அதற்கு நூறு வருடம் கழித்து ஒரு மதகுரு இப்படி யோசித்திருக்கிறார். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

"சரணடைந்துவிட்டான்" என்ற உங்கள் வரியை நீக்கிவிட்டேன். ஓரெமுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்திருக்கிறேன். அதில் உள்ள அம்புப் படம் நீங்கள் வரைந்தது. அதைவிடத் தெளிவாக என்னால் வரைய முடியாது. உங்கள் பெயரைப் போடலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.