பத்தாம் தரத்தோடு தராசைத் தூக்கி வைத்துவிடாதீர்கள்

வட மாகாணக் கல்வி, சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் 1, 4, 7, 10ஆம் தரப் பிள்ளைகளின் உயரத்தையும் நிறையையும் பார்க்கிறீர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை கதிரையோடு ஒட்டிக்கொள்வதே பத்துக்குப் பிறகுதான். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மைதானத்திலிருந்து ஒவ்வொருவராகக் காணாமல் போனது எப்போது என்று எனக்குத் தெரியும்.

உடற்கொழுப்பு ஒரே சீராக ஏறுவதில்லை. முதல் வருடம் குழந்தை கொழுகொழுவென்று இருக்கும். அப்புறம் உயரம் முந்திக்கொள்ள, ஐந்தாறு வயதளவில் உடல் நன்றாக மெலிந்து தெரியும். அது இயல்பு. "பிள்ளை நூலாப் போச்சு" என்று அம்மம்மாமார் பதறி, பின்னால் ஓடி ஓடி ஊட்டுவதும் அந்த வயதில்தான். பிறகு மறுபடி ஏறத் தொடங்கும். அந்த ஏற்றம் வேளைக்கே தொடங்கிய பிள்ளைகள் பின்னாளில் பருமனாகும் வாய்ப்புக் கூட.

பருவமடையும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் வழி பிரிகிறது. பெண் பிள்ளைகளுக்குக் கொழுப்புக் கூடும், கூடத்தான் வேண்டும். பெடியங்களுக்குத் தசை பெருக, கொழுப்பின் வீதம் இறங்கும். இது தெரியாமல் ஒரு பாடசாலையில், வகுப்பே வரிசையாக நிற்க, சப்பாத்தைக் கழற்றிவிட்டு மெசினில் ஏறிய பிள்ளையின் நிறையைக் கடைசி வரிசைக்கும் கேட்கக் கத்தி வாசித்தார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை. அடுத்த நாளிலிருந்து இடைவேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். தயவுசெய்து எண்ணைப் பதிவதோடு நிறுத்துங்கள், வாசிக்க வேண்டாம்.

சரி, பத்துக்குப் பிறகு என்ன? பதின்ம வயதில் பருமனானவர்களில் பெரும்பாலானோர் வளர்ந்த பிறகும் அப்படியே இருக்கிறார்கள். ஆனால் பருமனான பெரியவர்களில் சுமார் 70 வீதமானோர் சிறுவயதிலோ பதின்ம வயதிலோ பருமனாக இருந்தவர்களே அல்லர். ஆகவே பத்தாம் தரத்தில் "நோர்மல்" என்று எழுதப்பட்ட பிள்ளையைப் பற்றி நிம்மதியாக இருக்க முடியாது. உயர்தரம் தொடங்கினால் பாடசாலை முடிந்து ரியூசன், இடையில் ரோல்ஸும் சோடாவும், இரவு பதினொரு மணிக்குப் பிளேன்ரீயோடு பிஸ்கட். சைக்கிள் போய் ஸ்கூட்டி வந்துவிட்டது. பல்கலைக்கழகம் போகும்போது கையும் காலும் மெல்லிசு, வயிறு மட்டும் முன்னால்.

எங்கள் உடம்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே பி.எம்.ஐ. (உயரத்துக்கு எவ்வளவு நிறை என்று காட்டும் எண்) உள்ள வெள்ளையரைவிடத் தெற்காசியருக்குக் கொழுப்புக் கூட. அதனால்தான் வளர்ந்த ஆசியர்கள் பி.எம்.ஐ. 25 ஆகும் வரை காத்திராமல் 23இலேயே கவனமாக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது.

கேட்பது பெரிய செலவில்லை. 12ஆம் தரத்திலும் ஒருமுறை அளவெடுங்கள், இடுப்புச் சுற்றளவோடு சேர்த்து. முன்னைய அளவுகளைப் பக்கத்தில் வைத்து, கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பெற்றோருக்குத் தனியாகக் காட்டுங்கள். கன்ரீனைப் பற்றிச் சுற்றறிக்கைகள் ஏற்கெனவே இருக்கின்றன, மேற்பார்வைதான் தேவை. ஞாயிறு பின்னேரமாவது ரியூட்டறிகளுக்கு விடுமுறை கொடுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பாடசாலை மைதானங்களின் படலையைத் திறந்து வைக்கவும் உத்தரவிடுங்கள். பந்தும் ஆளும் பிள்ளைகளே கொண்டுவருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்