வாரம் ஒரு மாலை, ஒரு சட்டி சூப்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

பெறுநர்: முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை பயிலும் மாணவர்களின் பெற்றோர்கள், பாதுகாவலர்கள்

பொருள்: வீட்டில் குடும்பமாகச் சூப் சமைத்தலும் மாத இறுதிச் சனிக்கிழமை பள்ளியில் பகிர்ந்து உண்ணுதலும்

அன்புடையீர், வணக்கம்.

இம்மாதம் தொடங்கி, நம் பள்ளிக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் வாரத்தில் ஏதேனும் ஒரு மாலை வீட்டிலுள்ள அனைவரும் சேர்ந்து ஒரு சட்டி சூப் வைத்துக் குடிக்க வேண்டும் என்றும், மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில் அப்படியொரு சூப்பைப் பள்ளி மண்டபத்திற்குக் கொண்டுவந்து மற்றக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இதற்கு இணங்கியுள்ளது. தேர்வு, சீருடை, வருகைப்பதிவு என்றே எழுதிவரும் தலைமையாசிரியர் அடுப்படிக்குள் ஏன் தலைநீட்டுகிறார் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆகவே காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சென்ற தவணையில் ஒரு நாள், விடுப்பில் இருந்த ஆசிரியைக்கு மாற்றாக நான்காம் ஆண்டு வகுப்புக்குச் சென்றேன். கையோடு என் வீட்டு அஞ்சறைப்பெட்டியையும் எடுத்துப் போயிருந்தேன். கடுகையும் மிளகையும் பிள்ளைகள் உடனே சொல்லிவிட்டார்கள். சீரகத்தைக் காட்டியபோது ஒரு மாணவன் "ஜிந்தான்" என்று மலாய்ப் பெயரைச் சொன்னான். ஜிந்தான் பூத்தேவா (சீரகம்), ஜிந்தான் மானிஸா (சோம்பு) என்று கேட்டதும் வகுப்பே இரண்டு கட்சியாகிவிட்டது. சீரகம், சோம்பு என்ற பெயர்கள் மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை. இதை மொழிக் குறை என்று நினைத்து நான் வருந்தவில்லை. கடைப் பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருப்பதைப் பிள்ளைகள் சரியாகவே படித்திருக்கிறார்கள். அந்தப் பொட்டலத்தைப் பிரித்து எண்ணெயில் போடும் கைக்கு அருகில் நிற்பதற்குத்தான் அவர்களுக்கு நேரமோ இடமோ கிடைக்கவில்லை.

நம்மில் பலர் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில் பிறந்தவர்கள், அல்லது அங்கே பிறந்தவர்களின் பிள்ளைகள். விடியற்காலையில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்கும் என்பதால் என் தாயார் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்கு, போய்விடுவார். விடுமுறை நாள்களில் நானும் பின்னாலேயே போய் மரத்துக்கு மரம் பால் வடியும் மங்கைத் துடைத்திருக்கிறேன். வெயில் ஏறி வீடு திரும்பியதும் முதலில் அடுப்பில் ஏறுவது ரசம்தான். ஒருவர் புளி கரைக்க, ஒருவர் பூண்டு தட்ட, ஒருவர் விறகைத் தள்ளிவிட, பத்தடி அடுப்படிக்குள் ஐந்து பேர் இடித்துக்கொண்டு நிற்போம். கிண்ணம் ஒன்று பக்கத்து வீட்டுக்குப் போகும். அது ஒருநாளும் வெறுங்கிண்ணமாகத் திரும்பியதில்லை. கொடுக்க ஒன்றுமில்லாத நாளில் அடுத்த வீட்டு அத்தை இரண்டு பச்சை மிளகாயையாவது போட்டு அனுப்புவார்.

அந்த லயங்கள் இன்று இல்லை. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் சிதறியபோது, நம் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவரும் மலாயா இந்தியக் காங்கிரஸின் அன்றைய தலைவருமான துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்க, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தச் சிதறலைத் தடுக்கவே. அவ்வரலாற்றை இங்கே விரிக்கப் போவதில்லை. பிறகு கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, லயம் போய்த் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு வந்தது, பெரட்டு போய்த் தொழிற்சாலை ஷிப்ட் வந்தது என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். தந்தை காலை ஏழு முதல் இரவு ஏழு வரையிலும், தாய் அதற்கு நேர்மாறாகவும் வேலை செய்யும் வீட்டில் நால்வர் நான்கு நேரத்தில் சாப்பிடுவது எவருடைய குற்றமும் அன்று. சுவருக்கு அப்பால் இருப்பவரின் பெயர் தெரியாமல் இருப்பதும் அதனோடு சேர்ந்தே வந்துவிட்டது.

இப்படிப்பட்ட வீட்டுக்கு ஏற்ற உணவு சூப்தான் என்பது என் கருத்து. செலவு குறைவு, எதிர்பாராமல் இருவர் கூடினால் இன்னும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றலாம், தாமதமாக வருபவருக்குக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் சுவை அதிகம் கெடாது. பிரட்டலும் சம்பாலும் அப்படி வளைந்துகொடுப்பதில்லை. சூப் என்ற சொல்லைக் கேட்டதும் இது நமக்குரியது அன்று என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: ஆங்கிலேயர் 18ஆம் நூற்றாண்டிலேயே நம் மிளகுத்தண்ணியைக் குடித்துப் பழகி, அந்தப் பெயரையே 'முல்லிகட்டானி' என்று திரித்துத் தங்கள் உணவுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். எனவே ரசம், கொள்ளுச் சாறு, பருப்புத் தண்ணீர், கோழி எலும்பு சூப், பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய டாவுன் சூப் (செலரி இலை) போட்ட காய்கறி சூப் என எது வேண்டுமானாலும் வைக்கலாம்.

முதல் மாதத்திற்கு மட்டும் நான் முருங்கைக்கீரை சூப்பைப் பரிந்துரைக்கிறேன். நம் வட்டாரத்தில் கொல்லையில் முருங்கை இல்லாதவருக்கும் அண்டை வீட்டு வேலியோரத்தில் ஒரு மரம் இருக்கும். பள்ளித் தோட்டத்தில் நிற்கும் இரண்டு மரங்களிலிருந்தும் கேட்பவருக்குக் கீரை ஒடித்துத் தரப்படும். மலாய்க்காரர்கள் 'மெருங்காய்' என்பதும் ஆங்கிலத்தில் 'மொரிங்கா' என்பதும் நம் முருங்கையின் பெயரே என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், மகிழ்வார்கள்.

ஐந்து பேருக்கு உருவிய கீரை இரண்டு பெரிய பிடி போதும். ஒரு தேக்கரண்டி மிளகையும் ஒரு தேக்கரண்டி சீரகத்தையும் ஒன்றிரண்டாக இடித்துக்கொண்டு, பத்துச் சின்ன வெங்காயத்தையும் ஐந்து பல் பூண்டையும் கொஞ்சம் நல்லெண்ணெயில் வதக்கி, ஒரு தக்காளியை நசுக்கிப் போட்டு, அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் ஒன்றரை லிட்டர் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். நன்றாகக் கொதித்த பிறகு இடித்த பொடியையும் கீரையையும் போட்டு, மூடாமல், ஐந்து முதல் ஏழு நிமிடம் வைத்தால் கீரை பசுமை மாறாமல் வெந்துவிடும். உப்பைக் கடைசியில் போடுங்கள். கீரை உருவிய ஈர்க்கை எறிய வேண்டா; நசுக்கிப் போட்டு மறுநாள் ரசம் வைக்கலாம்.

கீரை உருவுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முருங்கைக் கொத்தை இரவில் ஒரு துணியிலோ செய்தித்தாளிலோ இறுகச் சுற்றி வைத்தால் காலையில் இலைகள் தாமாகவே உதிர்ந்து கிடக்கும் என்பது நம் பாட்டிமார் அனைவருக்கும் தெரிந்த உத்தி. தயவுசெய்து அந்த ஒரு மாலைக்கு மட்டும் அதைக் கைக்கொள்ளாதீர்கள். பாயை விரித்து, நடுவில் முறத்தை வைத்து, ஆளுக்கு இரண்டு கொத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். விரல் இடுக்கில் ஈர்க்கைப் பிடித்து இழுப்பதற்குக் கண் தேவையில்லை, அறிவும் அதிகம் தேவையில்லை, ஆனால் இரு கையும் தேவை. கைப்பேசியை எடுக்கக் கை மிச்சமிராது. அரை மணி நேரம் வேறு எதுவும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தானாகவே பேசத் தொடங்கும் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். "இன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது?" என்று நேரே கேட்டால் "ஒன்றுமில்லை" என்ற பதில்தான் வரும், மூன்றாவது கொத்து உருவும்போது, நீங்கள் கேட்காமலே, யாரோடு சண்டை, எந்தப் பாடம் புரியவில்லை என்பதெல்லாம் வந்துவிழும். பழுத்த இலை பத்து, பூச்சி ஒன்று முறத்தில் தவறி விழுந்தால் பெரிதுபடுத்தாதீர்கள், கழுவும்போது பார்த்துக்கொள்ளலாம்.

தாய்மார்களுக்கு இன்னொரு வேலை கூடிவிட்டது என்ற நிலை வரக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அந்த மாலையில் கரண்டியைப் பிடிப்பது தந்தையாகவோ அண்ணனாகவோ இருக்கட்டும். தாய் உட்கார்ந்து உப்பு மட்டும் பார்க்கட்டும். நம் ஊர்க் கோயில் திருவிழாவில் அன்னதானத்திற்கு அண்டா அண்டாவாகச் சாம்பார் இறக்கும் ஆண்களை நான் நன்கு அறிவேன். அந்தக் கைகளுக்கு வீட்டு அடுப்பில் ஐந்து பேருக்குச் சூப் வைக்கத் தெரியாது என்று சொன்னால் நம்புவதற்கில்லை.

சனிக்கிழமைப் பகிர்வைப் பற்றிச் சொல்லுமுன் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே எண்ணத்தை நான் சமையல் போட்டியாக நடத்தினேன். பரிசுக் கூடைகள், நடுவர்கள், புள்ளித் தாள்கள் எல்லாம் இருந்தன. பளபளக்கும் பாத்திரங்களும் கொத்தமல்லிப் பூ வேலைப்பாடுகளும் மேசைகளை நிறைத்தன. பேரனோடு வந்திருந்த ஒரு மூதாட்டி, கைப்பிடி கழன்ற அலுமினியச் சட்டியைத் துண்டால் மூடி மடியருகே வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் அமர்ந்திருந்ததை நான் பார்த்தேன். மேசைக்கு அழைக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். விழா முடிந்து தேடியபோது அவரும் இல்லை, சட்டியும் இல்லை. அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஏற்பாட்டின் தவறு முழுவதும் என்னுடையது.

ஆகையால் இம்முறை போட்டி இல்லை, பரிசு இல்லை, மேடை இல்லை, சிறப்பு விருந்தினரும் இல்லை. காலை 9.00 மணிக்கு மண்டபத்தில் பாய்கள் விரிக்கப்பட்டிருக்கும். எல்லாச் சட்டிகளும் ஒரே வரிசையில், எந்தக் குடும்பத்தினுடையது என்ற சீட்டு இல்லாமல் வைக்கப்படும். ஒவ்வொரு குடும்பமும் தான் இதுவரை பேசியிராத ஒரு குடும்பத்தின் அருகில் அமர வேண்டும் என்பது ஒன்றே விதி.

பள்ளிக்குக் கொண்டுவருவது சைவமாக மட்டும் இருக்கட்டும். விரதம் இருப்பவரும் வேற்றுச் சமயத்து நண்பர்களும் தயங்காமல் குடிக்கலாம். சமைத்த உணவைச் சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்திற்குமேல் வைத்திருப்பது பாதுகாப்பன்று என்பதால், அன்று காலையில் வைத்த சூப்பையே சூடு தாங்கும் பாத்திரத்தில் கொண்டு வாருங்கள். முந்திய இரவு வைத்தது வேண்டா. சூப் கட்டிகளையும் தவிர்த்துவிடுங்கள். பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு உண்ண வேண்டிய உப்பு 5 கிராமுக்கும், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அக்கட்டிகளில் பெரும்பகுதி உப்பே.

ஷிப்ட் காரணமாக வாரத்தில் ஒரு மாலைகூடக் கூட முடியாத குடும்பங்கள் ஓய்வுநாள் காலையில் வைத்துக்கொள்ளலாம். தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள், தாயோ தந்தையோ தனித்து வளர்க்கும் பிள்ளைகள் ஆகியோரின் வீடுகள் பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஒரே சட்டியில் வைத்தாலும் சரியே. உண்மையில் எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். எந்தக் கட்டணமும் இல்லை. சமைத்ததற்குச் சான்றாகப் புகைப்படம் எடுத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அனுப்பவும் வேண்டா, ஆசிரியர்கள் கேட்கமாட்டார்கள்.

ஆளுக்கொரு கிண்ணமும் கரண்டியும் வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். சிற்றுண்டிச்சாலையில் இருப்பவை போதா. நானும் ஒரு சட்டி ரசம் கொண்டு வருவேன். என் கைக்கு எப்போதும் புளி சற்றுத் தூக்கலாகவே விழும். குடிப்பவர்கள் தயங்காமல் சொல்லிவிடலாம்.

நன்றி.

இக்கண்,
தலைமையாசிரியர்