வீட்டுச் சீரமைப்புப் பணியை அரசுப் பொறியாளரைக் கொண்டு ஆய்வு செய்து அறிக்கை வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை,
உறையூர், திருச்சிராப்பள்ளி.
(பெயர், கதவு எண், கைபேசி எண் ஆகியவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: ஒப்பந்ததாரர் குறைபாட்டோடு செய்து பாதியில் விட்டுப்போன வீட்டுச் சீரமைப்புப் பணியை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் அரசுப் பொறியாளர் அளந்து அறிக்கை தர உத்தரவிடவும், இத்தகைய பணிகளுக்கு மாவட்ட அளவில் ஆய்வு ஏற்பாடு செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். உறையூரில் என் கணவர் 1986இல் கட்டிய மாடி வீட்டில் என் மாமியார், மகள், மருமகன், பேரக்குழந்தைகளோடு குடியிருக்கிறேன். கணவர் காலமாகிவிட்டார். தூண் இல்லாமல் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களே பாரம் தாங்கும் பழைய முறை வீடு அது. மாமியாருக்கு எண்பது வயது தாண்டிவிட்டதால் கீழ்த்தளத்திலேயே ஒரு குளியலறை கட்டுவது, சமையலறையைக் கூடத்தோடு சேர்த்து அகலப்படுத்துவது, ஒழுகும் மொட்டைமாடிக்குத் தட்டை ஓடு (தட்டோடு) பதிப்பது, பழைய வயரிங்கை மாற்றுவது என்று முடிவு செய்து, என் ஓய்வூதியப் பணிக்கொடையிலிருந்து இந்த வேலையைத் தொடங்கினேன்.

உள்ளூர் ஒப்பந்ததாரர் ஒருவரிடம், பொருளும் கூலியும் சேர்த்து 8,40,000 ரூபாய்க்கு வேலையை ஒப்படைத்தேன். என்ன வேலை, என்ன பொருள் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். இதுவரை 6,90,000 ரூபாயை வங்கி வழியாகவே கொடுத்திருக்கிறேன். இப்போது வேலை அரைகுறையாக நிற்கிறது. மீதி 1,50,000 ரூபாயையும், 'எக்ஸ்ட்ரா வேலை' என்று அவர் வாய்மொழியாகச் சொல்லும் 85,000 ரூபாயையும் கையில் கொடுத்தால்தான் மறுபடியும் ஆள் அனுப்புவேன் என்கிறார்.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை சமையலறைச் சுவர்தான். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவரில் ஏழடி அகலத்துக்கு உடைத்துத் திறப்பு வைத்தார்கள். மாடி அறையின் தளம் அந்தச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. திறப்பின் மேலே பாரம் தாங்கப் போட்ட குறுக்குச் சட்டமான லிண்டல், இருபக்கச் சுவரிலும் குறைந்தது ஆறு அங்குலமாவது ஏறி உட்கார வேண்டும். இங்கே ஒரு பக்கம் இரண்டு அங்குலம்கூட ஏறவில்லை. பூச்சு உதிர்ந்ததால் இதைக் கண்ணாலேயே பார்க்க முடிகிறது. அந்த மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல் மேல்நோக்கிப் போகிறது. விரிசல் முடியும் இடத்தில் என் மருமகன் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தார். விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. இப்போதைக்கு வாடகைக்கு இரும்பு ஜாக்கி எடுத்து முட்டுக் கொடுத்திருக்கிறோம். மாடி அறையில் யாரும் படுப்பதில்லை.

வயரிங்கும் அதே கதிதான். கீசருக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. சுவிட்ச் சூடாவதைப் பார்த்து வேறொரு எலக்ட்ரீஷியனை அழைத்துப் பெட்டியைத் திறந்தால், விளக்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர்தான் உள்ளே இருந்தது. எர்த் வயர் இணைக்கப்படவே இல்லை. ஈரமான குளியலறையில் இது உயிர் போகிற விஷயம். உடனே அந்த இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டேன். அந்தக் குளியலறையின் தரை வாட்டம் வடிகாலை நோக்கி இல்லை, வாசலை நோக்கி இருக்கிறது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் கூடத்துக்கு வந்துவிடுகிறது. யாருக்காகக் கட்டினோமோ அந்த அம்மாவால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிக் கெட்டித்து, அதன்மேல் தட்டோடு பதிப்பதாகப் பேச்சு. பழைய தளத்தின் மேலேயே சிமென்ட் பால் ஊற்றித் தட்டோடுகளை ஒட்டியிருக்கிறார்கள். சிமென்ட் வேலைக்குக் குறைந்தது 7 நாளாவது தண்ணீர் விட்டுப் பதப்படுத்த வேண்டும். அதுவும் நடக்கவில்லை. அதனால்தான் பூச்சை நகத்தால் கீறினாலே மணல் உதிர்கிறது.

வேலைக்கு வந்த கொத்தனார், சித்தாள்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர்களில் சில பெண்கள் என் வீட்டுக்கே வந்து, தங்களுக்கும் கூலி பாக்கி இருப்பதாகச் சொல்லி அழுதார்கள். நான் கொடுத்த பணம் அவர்கள் கைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை.

அப்புறம், ஒப்பந்ததாரரின் ஆட்கள் மாலை நேரத்தில் வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி பணம் கேட்டுச் சத்தம் போடுகிறார்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது பெற்றேன். 'கொடுக்கல் வாங்கல் சிவில் விவகாரம், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றார்கள்.

கோர்ட்டுக்குப் போகத் தயங்கவில்லை. வீடு கட்டும் பணியும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் முறையிடலாம் என்பதும் தெரியும். ஆனால் அங்கே போவதற்குள் எனக்கு ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. சுவரை இப்போதே இடித்துச் சரிசெய்தால் அவர் செய்த தவறுக்குச் சாட்சி போய்விடும். சாட்சிக்காக அப்படியே விட்டால் மழையில் வீடு போய்விடும். எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கெடுவுக்குள்ளேயே முடிந்தாலும், அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை அதுவரை காத்திருக்காது. தனியார் பொறியாளர் ஒருவரை அழைத்து அறிக்கை வாங்கலாம் என்றால், 'காசு கொடுத்து எழுதி வாங்கியது' என்று ஒப்பந்ததாரர் இப்போதே சொல்லிவிட்டார். இரு தரப்புக்கும் பொதுவான ஒருவர் வந்து அளந்து எழுதி வைத்துவிட்டால் போதும். நான் சுவரையும் காப்பாற்றிக்கொள்வேன், வழக்கையும் நடத்திக்கொள்வேன்.

எனவே, பொதுப்பணித் துறையின் கட்டடப் பிரிவிலிருந்து ஒரு பொறியாளரை அனுப்பி, ஒப்பந்ததாரருக்கும் முன்கூட்டியே தகவல் கொடுத்து, அவர் முன்னிலையிலேயே என் வீட்டை ஆய்வு செய்ய உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலில் சுவரின் உறுதியையும் மின் இணைப்பையும் பார்க்க வேண்டும். பிறகு, எழுதிக்கொண்டபடி எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது, அதன் மதிப்பு என்ன, எதையெல்லாம் இடித்துத் திரும்பச் செய்ய வேண்டும், அதற்கு என்ன செலவாகும் என்று அறிக்கை தர வேண்டும். அதற்கு அரசு நிர்ணயிக்கும் கட்டணத்தைச் செலுத்தத் தயாராக இருக்கிறேன். ஒப்பந்ததாரருக்குச் சேர வேண்டிய பணத்தை நான் மறுக்கவில்லை. சரியாகச் செய்த வேலைக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்று அறிக்கை சொன்னால், அதை அன்றைக்கே கொடுத்துவிடுவேன். அதுவரை வாசலில் வந்து மிரட்டுவதை நிறுத்தக் காவல் துறைக்கு அறிவுறுத்தவும் வேண்டுகிறேன்.

இது என் ஒருத்தியின் குறை அல்ல என்பதால் இன்னொன்றையும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன். அடுக்குமாடி வீடு வாங்குபவருக்கு 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் துணை நிற்கிறது. ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளில் கட்டியவரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இருக்கிற வீட்டைப் பழுதுபார்த்துக்கொள்ளும் வீட்டுக்காரருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, விற்பனை இல்லாத சீரமைப்பு வேலைக்கு அதில் பதிவே தேவையில்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுப் பழைய வீட்டைத் திருத்திக்கொள்பவர்கள் உறையூரிலும் ஸ்ரீரங்கத்திலும் பாலக்கரையிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களுக்கு இருப்பதெல்லாம் ஒப்பந்ததாரரின் வாய்ச்சொல் மட்டும்தான்.

அரசு தன் கட்டடத்துக்கு இப்படி நம்பிப் பணம் கொடுப்பதில்லை. பொறியாளர் நேரில் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதாமல் பில் பாஸ் ஆகாது. முடிந்த பிறகும் ஒரு தொகையைப் பிடித்து வைத்து, குறை வந்தால் சரிசெய்த பிறகே விடுவிக்கிறது. இதே முறை குடியிருப்போருக்கும் கிடைக்க வேண்டும். பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் சிவில் பொறியியல் துறை இருக்கிறது. இவர்களிலிருந்து ஒரு பட்டியல் தயாரித்து, குறைந்த கட்டணத்தில் ஒவ்வொரு தவணைக்கும் முன் வேலையை அளந்து சான்று தரும் ஏற்பாட்டைத் தாங்கள் செய்யலாம். கூடவே, தவணை, பொருளின் தரம், பிடித்தம், கூடுதல் வேலையை எழுத்தில் ஒப்புக்கொள்ளுதல் எல்லாம் அடங்கிய மாதிரி ஒப்பந்தப் படிவத்தை எளிய தமிழில் அச்சிட்டு, மாநகராட்சி வார்டு அலுவலகங்களில் கிடைக்கச் செய்யலாம். என் தெருவில் மட்டும் இப்போது மூன்று வீடுகளில் வேலை நடக்கிறது. அந்தப் படிவம் நாளைக்கே வந்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது.

நுகர்வோர் பலரைப் பாதிக்கும் முறையற்ற வணிகம் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சித் தலைவரிடம் கொடுக்கலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. இதே ஒப்பந்ததாரரிடம் இதே போலப் பணமும் வேலையும் இழந்த இரண்டு குடும்பத்தார் தங்கள் கையெழுத்திட்ட கடிதங்களைத் தந்திருக்கிறார்கள். இந்த மனுவை அப்பிரிவின் கீழான புகாராகவும் ஏற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒப்பந்த நகல், வங்கிப் பரிமாற்ற விவரம், தேதியிட்ட விரிசல் புகைப்படங்கள், எலக்ட்ரீஷியன் எழுதித் தந்த குறிப்பு, காவல் நிலைய ரசீது, மற்ற இரு குடும்பத்தாரின் கடிதங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். ஆய்வுக்கு வருபவர் எந்த நாளில் வந்தாலும் வீட்டில் ஆள் இருக்கும். ஜாக்கியை எடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர்

இடம்: திருச்சிராப்பள்ளி