காலி மனையில் கத்திரிக்காய்

காட்பாடி,
ஐப்பசி கடைசி

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. உறையின் மேல் இன்னும் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றே எழுதுகிறாய். தபால்காரர் வயசுப் பையன், அது எந்த மாவட்டம் என்று என்னிடமே கேட்டான். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின என்று அவனுக்கு வாசலிலேயே ஒரு பாடம் நடத்திவிட்டுத்தான் கடிதத்தைப் பிரித்தேன். பின்கோடு சரியாக இருக்கிறவரைக்கும் நீ வட ஆற்காடு என்றே எழுது. பார்க்க நன்றாக இருக்கிறது.

இங்கிலாந்தில் பெயர் எழுதிவைத்துவிட்டு இத்தனை வருஷம் காத்திருந்து, கடைசியில் உனக்குக் காய்கறி போட ஒரு துண்டு நிலம் வாடகைக்குக் கிடைத்துவிட்டது என்று படித்ததும் எனக்கே கிடைத்த மாதிரி சந்தோஷம். பத்து ராட் என்று அந்த ஊர் அளவில் எழுதியிருந்தாயே, கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறே கால் சென்ட். நான் காய் போட்டிருக்கிற பக்கத்து மனை ஒரு கிரவுண்டு, அதாவது ஐந்தரை சென்ட். கிட்டத்தட்ட ஒரே அளவு!

கேட்கிற ஜனங்களுக்கு உள்ளாட்சியே பயிர் செய்ய நிலம் ஒதுக்க வேண்டும் என்று அங்கே 1908-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் செல்வி, மனசாரச் சொல்கிறேன். இந்தக் காட்பாடியில் மட்டும் எத்தனை மனை வாங்கிப்போட்டபடியே கிடக்கிறது. பார்த்தீனியம், சீமைக்கருவேலம், உடைந்த பாட்டில், வீடு கட்டினவர்கள் கொட்டிவிட்டுப் போன செங்கல் துண்டு. எனக்கு இடம் கிடைத்தது மனைக்காரரின் நல்ல மனசால். பெங்களூரில் இருக்கிறார். போனில் கேட்டேன். "வீடு கட்டற வரைக்கும் தாராளமா போடுங்கம்மா, புதர் மண்டாம இருந்தாலே எனக்குப் போதும்" என்றார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நிலம் முழுக்கக் களை, இடுப்பளவு முள், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறாய். முழுசையும் ஒரே மூச்சில் சுத்தம் பண்ணாதே. எவ்வளவு இடத்தில் உடனே நடவோ விதைக்கவோ போகிறாயோ, அவ்வளவை மட்டும் கொத்து. மீதியை வெட்டி மட்டமாக்கி மூடி வை. மண்ணை வெறுமனே திறந்து போட்டால் நாலு நாளில் களை அதைத் தனதாக்கிக்கொள்ளும். உன் வீட்டுக்காரர் யோசனை சொன்ன அந்த ரோட்டவேட்டர், மண்ணைக் கிளறுகிற இயந்திரம், வேண்டவே வேண்டாம். அங்கே மண்ணுக்கடியில் வெள்ளை வெள்ளையாக வேர் ஓடுகிற புல் என்று எழுதியிருக்கிறாய். அது துண்டு துண்டாக வெட்டுப்பட்டால் ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாக வரும். தோட்டவேலைக்கான பெரிய முள்கரண்டியால் மண்ணைத் தளர்த்தி, வேரை முழுசாக உருவி எடுக்க வேண்டும்.

இங்கே எனக்கு எதிரி கோரை. மேலே பார்த்தால் சாதாரணப் புல். தோண்டினால் நூல் போல ஒரு வேர், அதில் கறுப்பாக, கெட்டியாக, சின்னதாக ஒரு கிழங்கு. அதிலிருந்து இன்னொரு நூல், அதன் நுனியில் அடுத்த கிழங்கு. நகத்தால் கீறினால் உள்ளே வெளுப்பு, நல்ல வாசனை. நம் அம்மாக்கள் நலங்கு மாவில் சேர்த்து அரைப்பார்களே, அதே கோரைக்கிழங்குதான். வேலைக்கு வருகிற ஆயா முதல் நாளே சொல்லிவிட்டாள்: "மேல மேல செதுக்கினா ஒண்ணுக்கு நாலா வரும்மா. அடியில கெழங்கு கீது, அத்த எடு." அதனால் அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஆழமாகப் புரட்டி, கட்டி உடைக்காமல் அப்படியே போட்டுவிட்டோம். வேலூர் வெயிலை எல்லோரும் திட்டுகிறார்கள். எனக்கு அது அந்த மாசம் கூலி வாங்காமல் வேலை செய்தது. காய்ந்துபோன கிழங்கு மறுபடி முளைக்காது. பொறுக்கியதில் ஒரு பங்கைக் கழுவிக் காயவைத்து குளியல் பொடிக்கு அரைத்தேன்.

தப்பித்த கிழங்கு கோடை மழைக்குத் தலைகாட்டத்தான் செய்தது. கோரைக்கு நிழல் ஆகாது. அதனால் அந்தப் பக்கம் முழுக்கத் தட்டைப்பயறும் சணப்பும் நெருக்கமாக விதைத்தேன். பூ வருகிற சமயத்தில் வெட்டி மண்ணிலேயே மடக்கிவிட்டோம். நம் ஊர்ச் செம்மண் சரளையில் தண்ணீர் நிற்கவே நிற்காது, உனக்குத் தெரியும். இந்தத் தழை மக்கின பிறகு அதே மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்கிறது. மருந்து அடித்துவிட்டால் ஒரே நாளில் முடியுமே என்று தெருவில் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். பிள்ளைகள் விளையாட வருகிற இடம், நாம் சாப்பிடப் போகிற கீரை முளைக்கிற மண். நான் சம்மதிக்கவில்லை, இனியும் சம்மதிக்க மாட்டேன்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னால், மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்கினோம். பூத்துவிட்டால் ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். உடம்பில் பட்டால் அரிப்பு, சிலருக்கு இழைப்பே வந்துவிடும்.

ஆடிப்பட்டத்துக்கு முதலில் போட்டது கீரை. சிறுகீரையும் அரைக்கீரையும், மணலில் கலந்து தூவினேன். மூன்று நாலு வாரத்தில் ஆய்ந்து குழம்பு வைத்துவிடலாம். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு மனசில் தெம்பு வர இதைவிட வேறில்லை. வெண்டையில் சில செடி மஞ்சள் நரம்போடியது. அது வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ், மருந்தில்லை. பார்த்த உடனே பிடுங்கி அப்புறப்படுத்தினால் மற்றது பிழைக்கும்.

கத்திரிதான் என் செல்லம். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளைகிற முள்ளு கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த நாற்றையே வாங்கி வைத்தேன். காம்பு, தண்டு, இலை நரம்பு எல்லாம் முள். பறிக்கும்போது காம்பைப் பிடித்தால் விரலில் ஏறிவிடும். கத்தரிக்கோலால்தான் வெட்டுகிறேன். ஆனால் ருசி! எண்ணெயில் வதங்கும்போது தோல் மெழுகாகிவிடுகிறது. ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைக்கிற கத்திரிக்காயை அந்தக் காயில் செய்து பார்த்தேன். நீ பக்கத்தில் இல்லையே என்றிருந்தது.

கத்திரிக்குத் தண்டு துளைக்கிற புழு வரும். காலையில் போய்ப் பார்த்தால் மற்ற கிளையெல்லாம் நிமிர்ந்திருக்க, ஒரு குருத்து மட்டும் தலை தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் குருத்தைக் கிள்ளி நீளவாக்கில் பிளந்தால் உள்ளே எச்சம் அடைத்துக்கொண்டு, இளஞ்சிவப்பாக ஒரு சின்னப் புழு. வாடின இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி எரித்துவிட வேண்டும், செடியடியில் போடக் கூடாது. அதோடு வேப்பங்கொட்டைக் கரைசல். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் கட்டி ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கலந்து சாயங்காலம் அடிக்கிறேன். தினமும் ஒரு நடை போய்ச் செடியைப் பார்க்கிறதுதான் இதில் பெரிய வேலை.

உன் நிலத்தை மூட அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிக்கலாம் என்று பக்கத்து நிலத்துக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அங்கே தாராளமாகச் செய். மேலே மக்கு உரம் பரப்பிவிடு. இங்கே அட்டை போட்டால் மறுவாரம் கரையான் வந்துவிடும், அதனால் நான் சருகு, கொத்தின களை, கீரைத்தண்டு என்று பச்சையும் காய்ந்ததுமாகப் போடுகிறேன். குளிர் இறுகும் முன்னால் ஒரு பாத்தியிலாவது பூண்டும் பெரிய அவரையும் ஊன்றிவிடு. அந்த அவரை உங்கள் குளிரைத் தாங்கும் என்கிறார்களே. கத்திரிக்கு ஆசைப்படாதே என்று சொல்ல மாட்டேன், ஆனால் மே பாதிவரை உறைபனி விழுகிற ஊரில் வெளியே வைத்தால் செடி பிழைக்காது. கண்ணாடிக் கூடாரத்தில் இரண்டு செடி வை. வெளியே வெந்தயமும் கொத்தமல்லியும் நன்றாக வரும்.

முள்ளு கத்திரி விதை அனுப்பச் சொல்லியிருந்தாய். எனக்கும் ஆசைதான். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் விதையைத் தபாலில் அனுப்பக் கூடாது. நம் பூச்சியும் நோயும் உங்கள் மண்ணுக்குப் போகக் கூடாதில்லையா. அங்கேயே விற்கிற விதையை வாங்கிப் போடு. முதிர்ந்த காய் ஒன்றை நான் விதைக்கு விட்டிருக்கிறேன், நீ ஊருக்கு வந்தால் அந்தச் செடியின் காயை உனக்கே சமைத்துப் போடுகிறேன்.

மற்றபடி எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனால் கீரை ஆய அவளைவிட்டால் ஆளில்லை. மூன்று நாளாக நல்ல மழை. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடின மாதிரி இல்லை என்றாலும் போர்வெல்லில் தண்ணீர் மேலே வந்திருக்கிறது. தைப்பட்டத்துக்குப் பாகலும் புடலையும் போட பந்தலுக்குக் கழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

உன் நிலத்தில் வெயில் எந்தப் பக்கம் அதிக நேரம் விழுகிறது, தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம், இந்த இரண்டையும் மறக்காமல் எழுது. பாத்தியை எங்கே போடலாம் என்று படம் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
கமலா